மசாஜ் படிக்க 65,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 29 வயது. திருமங்கலம் பக்கம் கிராமம். பிளஸ் டூ உயிரியல் குரூப்பில் பாஸ் ஆனேன், அதற்கு மேல் படிக்க வைக்கவில்லை. ஆறு வயதில் ஒரு பையன். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். நான் ஒரு பியூட்டி பார்லரில் வேலை செய்கிறேன். ஹெட் மசாஜ் என்றால் என்னைத்தான் கேட்டு வருவார்கள். எங்கள் அப்பத்தா சுளுக்கு எடுப்பதில் பேர்போனவர், அந்தக் கை எனக்கும் இருக்கிறது என்பார்கள். மதுரையில் ஒரு பயிற்சி நிலையத்தில் மசாஜ் தெரபி டிப்ளமோ மூன்று மாதம், சனி ஞாயிறு மூன்று மூன்று மணி நேரம், கட்டணம் 65,000 ரூபாய், முடித்ததும் துபாயில் வேலை என்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டலாமா என்று யோசிக்கிறேன். எங்கள் ஊரிலேயே அரசு ஓமியோபதி கல்லூரி இருக்கிறதே, அங்கே இதற்குப் படிப்பு உண்டா? ஆண்களுக்கும் செய்ய வேண்டி வருமா? மாமியார், "அதெல்லாம் ஒரு வேலையா, ஊர் சிரிக்கும்" என்கிறார். என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி)

பதில்:

நகை பெட்டியிலேயே இருக்கட்டும். பணத்துக்கு முன்னால் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். சனி ஞாயிறு மூன்று மூன்று மணி நேரம், மூன்று மாதம் என்றால் எண்பது மணி நேரம் கூடத் தேறாது. அதில் முதல் நாள் அறிமுகம், கடைசி நாள் சான்றிதழும் போட்டோவும், நடுவில் ஒரு சித்திரைத் திருவிழா வந்தால் அந்த வாரம் வகுப்பே இருக்காது. இதெல்லாம் போக, உங்கள் கை இன்னொருவர் உடம்பில் படுகிற நேரம் எவ்வளவு மிஞ்சும்? அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் மசாஜ் உரிமம் வாங்க 1000 மணி நேரம் படித்திருக்க வேண்டும். நம் நாட்டில் நர்ஸுக்கும் பார்மசிஸ்ட்டுக்கும் இருப்பது போல மசாஜ் செய்பவருக்கென்று பதிவுக் கவுன்சில் கிடையாது. அதனால்தான் யார் வேண்டுமானாலும் டிப்ளமோ என்று அச்சடித்துக் கொடுக்க முடிகிறது. அந்தத் தாளை வைத்து ஒரு ஸ்பாவில் வேலை கிடைக்கலாம். அரசு வேலைக்கு அது ஆகாது.

எல்லாத் தனியார் நிலையமும் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கட்டுவதற்கு முன் நேரில் போய், "ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். ஒரு மேசைக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். உடம்புக்கூறு பாடத்தை யார் எடுக்கிறார் என்று கேளுங்கள். ஒரு சித்த மருத்துவரோ, இயற்கை மருத்துவரோ, பிசியோதெரபிஸ்ட்டோ வாரத்தில் ஒரு நாளாவது வருகிறாரா? மாணவிகளே ஒருவருக்கொருவர் செய்து பழகுவதோடு சரியா, இல்லை, வெளியிலிருந்து வயதானவர்கள், வலியோடு வருகிறவர்கள் உடம்பும் கைக்குக் கிடைக்குமா? இருபது வயதுப் பெண்கள் இன்னொரு இருபது வயதுப் பெண்ணின் முதுகை நீவிப் பழகினால் எல்லா முதுகும் ஒன்று போலத்தான் தெரியும். கடைசியாக ஒரு கேள்வி: "யாருக்கெல்லாம் செய்யக் கூடாது என்று எத்தனை வகுப்பு எடுப்பீர்கள்?" இதற்கு அவர்கள் முழித்தால் எழுந்து வந்துவிடலாம்.

துபாய் விஷயம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு எண்ணைத் தட்டினால் நிமிடத்தில் தெரிந்துவிடும். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு, 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். பயிற்சி நிலையமே வேலையும் வாங்கித் தரும் என்றால் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். "முதலில் விசிட் விசாவில் போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள். உண்மையிலேயே போக ஆசை இருந்தால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கே பதிந்து வையுங்கள். ஆறு வயதுப் பையனை விட்டுப் போகிற யோசனை உங்கள் வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டியது, அதில் நான் தலையிடவில்லை.

அடுத்து திருமங்கலம் அரசு ஓமியோபதி கல்லூரி. இந்தக் கேள்வியை வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள். அங்கே படிப்பது ஓமியோபதி மருத்துவம். மசாஜுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சித்தாவும் ஓமியோபதியும் ஒரே துறையின் கீழ் வருவதால் இந்தக் குழப்பம்.

ஆனால் அதே துறை, அதாவது தமிழக அரசின் இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை, நடத்துகிற ஒரு படிப்பு உங்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. நர்சிங் தெரபி டிப்ளமோ என்று பெயர். இரண்டரை ஆண்டு. பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசு நிறுவனங்களில் நடக்கிறது. பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் படித்திருக்க வேண்டும், நீங்கள் படித்திருக்கிறீர்கள். அரசு மருத்துவமனை சித்தா, யோகா பிரிவுகளில் எண்ணெய் போட்டு நீவி, ஒத்தடம் கொடுத்து, நீராவி பிடிக்க வைக்கிற "சிகிச்சை உதவியாளர்" வேலைக்கு இந்த டிப்ளமோவைத்தான் தகுதியாகக் கேட்கிறார்கள். தனியாரில் லட்சம் லட்சமாகக் கட்டினாலும் அந்த வேலைக்கு விண்ணப்பம் போட முடியாது. இது பலருக்குத் தெரிவதே இல்லை. நர்சிங் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ஊசி போடுகிற படிப்பு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சேர்க்கை அறிவிப்பு ஆண்டுக்கு ஒரு முறை வரும். வயது வரம்பை அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், பாளையங்கோட்டை தினம் போய் வருகிற தூரமில்லை. இரண்டரை ஆண்டு விடுதியில் தங்க வேண்டும், பையன் வீட்டில் இருப்பான். மாமியாரின் துணை இல்லாமல் அது நடக்காது. ஊர் சிரிக்கும் என்கிற அதே மாமியாரிடம், "அரசாங்கக் கல்லூரி, அரசாங்கச் சான்றிதழ்" என்று சொல்லிப் பாருங்கள். பாதி எதிர்ப்பு அங்கேயே கரையும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அது முடியவே முடியாது என்றால் இரண்டாவது வழி, அரசு திறன் பயிற்சி. மத்திய அரசின் பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனா 2015இல் தொடங்கியது. பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. அந்த வரிசையில் ஸ்பா தெரபிஸ்ட், பஞ்சகர்மா (ஆயுர்வேதச் சுத்திகரிப்புச் சிகிச்சை) டெக்னீஷியன் என்று இரண்டு பணிப் பெயர்கள் உங்களுக்குப் பொருந்தும். முதலாவது அழகுக்கலைத் துறையில் வரும், இரண்டாவது மருத்துவத் துறையில். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எந்த மையத்தில் எந்தப் பயிற்சி என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் போய் அந்தப் பெயர்களைச் சொல்லியே கேளுங்கள். "மசாஜ் கோர்ஸ் இருக்கா சார்?" என்று கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். "பஞ்சகர்மா டெக்னீஷியன்" என்றால் பட்டியலை எடுப்பார்கள். இதுவும் சில மாதப் படிப்புதான். அதை முடித்த கையோடு, மருத்துவர் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆயுர்வேத, சித்த அல்லது இயற்கை மருத்துவ நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்து ஓராண்டாவது கை பழக வேண்டும். சம்பளம் குறைவாக இருந்தாலும் சேருங்கள். அந்த ஓராண்டுதான் உங்கள் உண்மையான படிப்பு.

பிசியோதெரபி பட்டம் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நாலரை ஆண்டுக்குக் குறையாது, செலவும் பெரிது. உங்கள் நிலையில் அதற்கு நான் தள்ளமாட்டேன். ஆனால் மசாஜ் படித்துவிட்டு "பிசியோ" என்று போர்டு மாட்டுகிற வேலை மட்டும் வேண்டாம்.

ஏன் மருத்துவர் இருக்கிற இடம் என்று இவ்வளவு சொல்கிறேன்? உங்கள் அப்பத்தாவிடமிருந்தே தொடங்கலாம். சுளுக்கு எடுக்கிற பாட்டிகளை நான் குறைத்துப் பேசமாட்டேன். காலைத் தூக்கி மடியில் வைத்து, விளக்கெண்ணெய் தொட்டு, கணுக்காலைச் சுற்றிக் கட்டைவிரலால் மெல்ல வழித்துக்கொண்டே வந்து, வந்தவரைப் பேச வைத்து, அவர் அசந்த நேரத்தில் ஓர் இழுப்பு. அந்தக் கை பிறவியில் வருகிற கைதான். ஆனால் வந்தது சுளுக்கா, எலும்பு விரிசலா என்று பார்த்துச் சொல்வதற்குக் கைராசி போதாது. மருத்துவமனைகளில் இதற்கு ஓர் எளிய விதி வைத்திருக்கிறார்கள். அடிபட்டவர் அடிபட்ட உடனேயும், இப்போது உங்கள் முன்னாலும், நொண்டியாவது நாலு எட்டு எடுத்து வைக்க முடிகிறதா? கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கிற எலும்பின் நுனியையும் அதன் பின்விளிம்பையும் விரலால் அழுத்தினால் வலிக்கிறதா? நடக்க முடியவில்லை என்றாலோ, எலும்பின் மேலேயே வலி என்றாலோ, எண்ணெய்ப் பாட்டிலைத் திறக்காமல் எக்ஸ்ரேக்கு அனுப்ப வேண்டும். சதையில் வலி, எலும்பில் இல்லை, நடக்கவும் முடிகிறது என்றால்தான் மேற்கொண்டு பேச்சு. அப்போதும் வீக்கம் சூடாக இருக்கிற முதல் இரண்டு நாள் நீவக் கூடாது.

பார்லரில் ஹெட் மசாஜ் முடிக்கும்போது கழுத்தைப் பிடித்து "டக்" என்று சொடக்கெடுக்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? கேட்டு வாங்குகிறவர்கள் நிறையப் பேர், எனக்குத் தெரியும். இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். கழுத்தெலும்புகளின் ஓட்டை வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டு போகிற குழாய்கள் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அதன் உள்சுவர் கிழிந்தால், அங்கே ரத்தம் கட்டி பக்கவாதம் வரை போகும். அரிதுதான், ஆனால் நடக்கிறது, இளம் வயதினருக்கும் நடக்கிறது. அதே போல கழுத்தின் முன்பக்கம், நாடி துடிக்கிற இடத்தில் அழுத்தக் கூடாது. சட்டென்று ரத்த அழுத்தம் இறங்கி ஆள் மயங்கிவிடலாம். அக்குள், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்குழி, இங்கெல்லாம் நரம்பும் ரத்தக்குழாயும் தோலுக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன. தடவிக்கொண்டே கடந்து போக வேண்டும், அமுக்கக் கூடாது.

உங்கள் ஊரில் உங்களுக்கு முதலில் வரப்போகிற வேலை எது என்று எனக்குத் தெரியும்: பிள்ளை பெற்ற பெண்களுக்கு உடம்பு வழித்து விடுவது, பச்சைக் குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது. முன்பு தெருவுக்கு ஒரு பாட்டி இருந்தார், இப்போது தேடித் திரிகிறார்கள். நல்ல வேலை, மரியாதையான வேலை, பெண்கள் மட்டுமே இருக்கிற வேலை. இதிலேயே ஒருவர் குடும்பம் நடத்தலாம். ஆனால் இங்கேதான் கண்ணும் அதிகம் வேண்டும். பிரசவமான முதல் ஆறு வாரம், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைகிற அபாயம் மற்ற நேரத்தைவிடக் கூடுதல். ஆபரேஷன் பிரசவம், படுத்தே இருந்தது என்றால் இன்னும் கூடும். அந்தப் பெண் "ஒரு கெண்டைக்கால் மட்டும் பிடிச்சு இழுக்குதுக்கா, நல்லா அமுக்கி விடுங்க" என்பார். நீங்கள் உட்கார்ந்து இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் பருத்திருக்கிறதா? ஜாக்கெட் அளவெடுக்கிற டேப்பை எடுத்து முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் இரண்டையும் சுற்றி அளவெடுங்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் சூடாக, சிவந்து இருக்கிறதா? இருந்தால் அந்தக் காலைத் தொடவே கூடாது. உறைந்த கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே ஆஸ்பத்திரி. வீட்டில் இருக்கிற பெரியவர்கள், "நாங்க பெத்தப்ப எல்லாம் வழிச்சு விடலையா" என்பார்கள். நீங்கள் அசையக் கூடாது. சிசேரியன் ஆனவர்களுக்கு, தையல் ஆறி மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வயிற்றில் கை வைக்க வேண்டாம், வயிற்றைத் துணியால் இறுக்குவதையும் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.

குழந்தைக்கு வந்தால், மூக்கில் எண்ணெய் விடுவது, வாயில் ஊதுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது, இந்த மூன்றையும் மறந்துவிடுங்கள். மூக்கில் விடுகிற எண்ணெய் நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகிறது. கை கால் நீவுவது, முதுகு தடவுவது, வெதுவெதுப்பான தண்ணீர், இதெல்லாம் தாராளமாக. மாமியார்மார் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

வயதானவர்கள் அடுத்த கூட்டம். சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி மரத்துப் போனவருக்குச் சூடு தெரியாது. ஒத்தடம் கொதிக்கக் கொதிக்க வைத்தாலும் "இன்னும் வைம்மா" என்பார், மறுநாள் கொப்புளம் வரும், அதற்கப்புறம் ஆறாத புண். அவருக்குப் போடுமுன் மூட்டையை உங்கள் முன்கையின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களை அழுத்திப் பிடித்தால் தோலுக்கடியில் கன்றிப் போகும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர், காய்ச்சல் உள்ளவர், தோலில் சொறி, கட்டி, ஆறாத புண் உள்ளவர், இவர்களுக்கெல்லாம் மருத்துவர் வார்த்தை வேண்டும். முதுகுவலியோடு சிறுநீர் வருவது தெரியவில்லை, இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்துவிட்டது என்று யாராவது சொன்னால் அது அவசரம், மசாஜ் மேசையிலிருந்து நேரே ஆட்டோவில் ஏற்றுங்கள்.

இதெல்லாம் படித்துப் பயந்துவிடாதீர்கள். ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டால் இரண்டு மாதத்தில் வாயில் தானாக வரும். என்ன மாத்திரை, என்ன ஆபரேஷன், கர்ப்பம் என்றால் எத்தனையாவது மாதம், சர்க்கரை, பிரஷர், விழுந்தீர்களா, எங்கே மரத்திருக்கிறது. கேட்டுவிட்டுத்தான் தைலம்.

சித்த மருத்துவத்தில் இந்தக் கலைக்குப் பெயர் தொக்கணம். புறமருத்துவ முறைகள் 32 என்று கணக்கு, அதில் இது ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை. ஸ்பாக்களில் ஸ்வீடிஷ் மசாஜ் என்று சொல்லிக்கொடுப்பதிலும் தடவல், பிசைதல், உரசல், தட்டல், அதிர்வு என்று ஐந்து அடிப்படை உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கை செய்கிற வேலை பெரும்பாலும் ஒன்றுதான். எதைப் படித்தாலும் மற்றது சீக்கிரம் பிடிபடும். வர்மம் மட்டும் வேறு. உடம்பில் 108 உயிர்நிலைப் புள்ளிகள், அதில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12. ஒரே நாள் முகாமில் வர்மம் கற்றுத் தருகிறோம் என்று அழைப்பு வந்தால், அந்தப் பணத்துக்குப் பையனுக்கு செருப்பு வாங்குங்கள்.

உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தத் தொழிலை விடுகிறவர்கள் பெரும்பாலும் கட்டைவிரல் போய்த்தான் விடுகிறார்கள். பார்லரில் கட்டைவிரலால் அழுத்திப் பழகியிருப்பீர்கள். அதை மாற்ற வேண்டும். மேசைக்குப் பக்கத்தில் நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால், முட்டி மேசையில் தொட வேண்டும், அந்த உயரம் சரி. ஒரு காலை முன்னால், ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்கையை நீட்டி, உள்ளங்கையின் அடிப்பக்கத்தை முதுகில் வைத்துவிட்டுப் பின்காலால் உந்துங்கள். அழுத்தம் இடுப்பிலிருந்து வர வேண்டும், தோளிலிருந்து அல்ல. பெரிய தசைக்கு முன்கையைப் பயன்படுத்தலாம். தரையில் பாய் விரித்துக் குனிந்து செய்கிற வேலையை இயன்றவரை தவிருங்கள், கட்டில் இருந்தால் கட்டில். ஒரு நாளைக்கு நாலு பேர், மிஞ்சிப் போனால் ஐந்து. ஆறாவது ஆளுக்கு ஒத்துக்கொண்டால் ராத்திரி குழம்புச் சட்டியைத் தூக்க மணிக்கட்டு வராது. வருமானக் கணக்கையும் இந்த நாலை வைத்தே போடுங்கள், பத்துப் பேர் வருவார்கள் என்று போடாதீர்கள்.

சரி, மாமியார் விஷயம். அவர் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஸ்பா என்ற பெயரில் வேறு தொழில் நடந்து, போலீஸ் சோதனை, பேப்பரில் போட்டோ என்று வந்ததை அவரும் பார்த்திருப்பார். ஒழுங்காக நடத்துகிறவர்களும் சேர்த்துப் பேச்சு வாங்குகிறார்கள். ஸ்பாவுக்குள் கேமரா வைக்க வேண்டும் என்றுகூட ஒரு கட்டத்தில் பேச்சு வந்தது. 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தப்பு நடக்குமோ என்ற வெறும் சந்தேகத்துக்காக அங்கே கேமரா வைப்பது ஒருவரின் உடல் சார்ந்த அந்தரங்கத்தில் கைவைப்பது என்று தீர்ப்பில் சொன்னது. அதற்குச் சில வாரம் முன்பு அதே உயர் நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி கேமரா வேண்டும் என்று சொல்லியிருந்தார். நீதிபதிகளுக்குள்ளேயே இப்படி என்றால் உங்கள் மாமியார் தயங்குவதில் ஆச்சரியமில்லை.

ஆண்களுக்குச் செய்ய வேண்டுமா என்றால், வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுக்கலாம், அதை முதல் நாளே சொல்லிவிடலாம். கேரளச் சுற்றுலாத் துறை ஆயுர்வேத மையங்களுக்குத் தரச்சான்று கொடுக்கும்போது பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பதை ஒரு நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. குமுளி பக்கம் நல்ல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் சிகிச்சை உதவியாளர் பணியிடம் ஆண், பெண் என்று தனித்தனிதான். வேலைக்குச் சேருகிற இடத்தில் இதைக் கேட்டு, "இங்கே எல்லாருக்கும் எல்லாரும்தான்" என்று பதில் வந்தால் அந்த வேலை வேண்டாம். நாளைக்கு நீங்களே ஒரு சிறு அறை எடுத்தால் போர்டில் "பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும்" என்று பெரிதாக எழுதுங்கள். உள்ளாட்சியில் தொழில் உரிமம் வாங்குங்கள், வருகிறவர் பெயரைப் பதிவேட்டில் எழுதுங்கள், ரசீது கொடுங்கள். மூட்டு வலி போகும், பக்கவாதம் குணமாகும் என்றெல்லாம் நோட்டீஸ் அடிக்க வேண்டாம். பக்கவாதத்தைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம்.

பெண்களுக்குள்ளேயும் கூச்சம் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். நாம் பெண்தானே என்று சேலையை உருவக் கூடாது. ஒரு பெரிய பருத்தி வேட்டியைக் கழுத்திலிருந்து கால்வரை போர்த்தி, எந்தக் கால் வேலையோ அந்தக் காலை மட்டும் வெளியே எடுத்து, துணியின் ஓரத்தைத் தொடைக்கு அடியில் செருகிவிட்டு, முடித்ததும் மூடிவிட்டு அடுத்த கால். "இப்ப முதுகுக்கு வரேன், கொக்கியைக் கழட்டலாமாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தொடுவது. வந்த பெண் வீட்டுக்குப் போய் இதைத்தான் நாலு பேரிடம் சொல்வார். ஊர் வாயை அடைக்க இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். பார்லர் வேலையை விடாதீர்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் சித்தா பிரிவு இருந்தால் ஒரு காலை வேளையில் போய், அங்கே இருக்கிற சிகிச்சை உதவியாளரிடம் அவர் எங்கே படித்தார், எந்த மாதம் விண்ணப்பம் போட்டார் என்று கேளுங்கள். பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றும் கையில் இருக்கிறதா என்று இப்போதே தேடி எடுத்து வையுங்கள். அறிவிப்பு வந்தபின் தாலுகா ஆபீஸுக்கு அலைந்தால் தேதி போய்விடும். போகிற அன்று, முடிந்தால், மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு முழங்கால் வலி இருந்தால் அங்கேயே ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டிவிடலாம்.